பூச்சி மாத்திரை போட்டும் அரிப்பு நிற்கவில்லையே?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மாடி வீட்டில் இருக்கிறோம். டைல்ஸ் தரை, காய்ச்சிய தண்ணீர். பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. ஆனாலும் என் 6 வயது மகள் ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு தூங்காமல் அழுகிறாள். டவுனில் இருப்பவர்களுக்கும் பூச்சி வருமா?

பதில்: வரும். நீங்கள் சொல்லும் அரிப்பைப் பார்த்தால் கீரிப்பூச்சி போலத்தான் தெரிகிறது. அதற்கு மண்ணே வேண்டாம். டைல்ஸ் போட்ட வீட்டிலும் சுகமாகப் பரவும்.

பள்ளியில் 2015 முதல் குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல், மண் வழியாக வரும் உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழுவை மனதில் வைத்துத் தருவது. கீரிப்பூச்சியையும் அது கொல்லும். ஆனால் முட்டையை முழுதாகக் கொல்லாது. சில வாரத்தில் முட்டையிலிருந்து வந்த புதுப்பூச்சி மறுபடி தொடங்கிவிடும். மாத்திரை வீண் இல்லை, ஒரு முறை போட்டது போதவில்லை, அவ்வளவுதான்.

மகள் தூங்கி இரண்டு மணி நேரம் கழித்து செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆசனவாய் ஓரத்தில் வெள்ளை நூல் துண்டு போல நெளியும். பெண்பூச்சி முட்டையிட வெளியே வரும் நேரம் அது. அதுதான் அரிப்பு. சொறிந்த நகத்தில் முட்டை ஏறும், காலையில் அந்தக் கை இட்லிக்குப் போகும். ஒன்றும் தெரியாவிட்டால், காலையில் எழுந்ததும் கழுவும் முன் செல்லோடேப்பை அங்கே ஒட்டி எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். மலப்பரிசோதனையில் கீரிப்பூச்சி பெரும்பாலும் சிக்காது.

கீரிப்பூச்சி உறுதியானால் டாக்டரிடம் கேட்டு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மாத்திரை போடுங்கள், தாத்தா பாட்டி உட்பட. சரியாக இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. கர்ப்பிணி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மாத்திரை போட்ட மறுநாள் காலை போர்வை, உள்ளாடையை உதறாமல் வெந்நீரில் துவையுங்கள். உதறினால் முட்டை வீடெல்லாம் பறக்கும். நகத்தை ஒட்ட வெட்டி, காலையில் குளிப்பாட்டுங்கள்.

'இனிப்பு தின்றால் பூச்சி வரும்' என்று பாட்டி திட்டினால் பாவம் ஜிலேபியைக் குறை சொல்லாதீர்கள், குற்றவாளி கை. வேப்பங்கொழுந்து உருண்டையும் இதற்குப் போதாது.

மண் வழியாக வருகிற புழுக்கள் டவுனில் இல்லை என்றும் நினைக்காதீர்கள். மழையில் வாய்க்கால் பொங்கும் தெருவில் வெறுங்காலோடு ஓடினால் கொக்கிப்புழு தோல் வழியே ஏறலாம். உருளைப்புழு முட்டை கீரையில் ஒட்டிவரும்; குளோரினுக்கும் அசையாது. கீரையை மூன்று நான்கு தண்ணீரில் அலசி வேகவையுங்கள். குழந்தை வெளிறி, சோர்ந்து இருந்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள்.