பெட்டியைப் பிரித்துவிட்டால் பணம் திரும்பாதா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். அப்பா சேர்த்து வைத்த கச்சேரி சிடிக்களை ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாத) கோப்புகளாக மாற்றி, வீட்டு நாஸில் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டியில்) வைத்திருக்கிறேன். அதிலிருந்து கேட்பதற்காக நான்கு வாரம் முன் 16,500 ரேண்டுக்கு ஒரு நெட்வொர்க் பிளேயர் வாங்கினேன். வாங்குமுன் என் நாஸ் மாடலை எழுதி வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, "தாராளமாக ஓடும்" என்று கடையிலிருந்து பதில் வந்தது. இப்போது பிளேயருக்கு நாஸ் தெரியவே இல்லை. பென் டிரைவில் போட்டால் ஓடுகிறது, ஆனால் டிராக் மாறும்போதெல்லாம் ஒரு இடைவெளி. பெட்டியைப் பிரித்துவிட்டதால் பணம் கிடையாது, 20 சதவீதம் கழித்துக் கடைக் கிரெடிட் தருகிறோம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த வாட்ஸ்அப் உரையாடலைப் படம்பிடித்து வையுங்கள். உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55(3) பிரிவு, இன்ன வேலைக்கு வேண்டும் என்று நீங்கள் குறிப்பாகச் சொல்லி வாங்கினால், அத்தகைய பொருளை வழக்கமாக விற்கும் கடை அந்த வேலைக்குப் பொருந்துவதையே தர வேண்டும் என்கிறது. பொருந்தவில்லையென்றால் 56-ஆவது பிரிவு: பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் திருப்பித் தரலாம், செலவு கடையுடையது. பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று சொல்வது நீங்கள். அபராதமாக எதையும் கழிக்க முடியாது. "பிரித்தால் திரும்பப் பெறமாட்டோம்" என்று சுவரில் எழுதி வைத்திருந்தாலும் இந்த உரிமை போகாது.

20-ஆவது பிரிவின் கீழும் திருப்பித் தர ஒரு வழி இருந்தது. அதற்கு 10 வேலை நாள்தான், உங்களுக்குத் தாண்டிவிட்டது. போகட்டும்.

சரி, கடைக்காரர் என்ன சொல்வார்? "உங்கள் நாஸ் பழசு" என்பார். அதில் உண்மை இருக்கலாம். நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர்; பழைய நாஸ்கள் பல அதன் முதல் பதிப்பில் மட்டுமே பேசும். பாதுகாப்புக்காகப் புதிய பிளேயர்கள் பலவும் அதை ஏற்பதில்லை. ஆனால் மாடலைச் சொல்லித்தானே கேட்டீர்கள்? அது அவர்கள் பார்த்திருக்க வேண்டியது. இருந்தாலும் நாஸின் மென்பொருளைப் புதுப்பித்து, எஸ்எம்பி இரண்டாம் பதிப்பை இயக்க முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தச் சின்ன வேலையில் தீர்ந்திருக்கும் என்றால் உங்கள் வழக்கு பலவீனமாகும்.

இடைவெளி விஷயத்தில் கை கொஞ்சம் தளர்வுதான். தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் மௌனம் விழுந்தால் எனக்கும் எரிச்சல் வரும். ஆனால் அதைப் பற்றி நீங்கள் முன்கூட்டிக் கேட்டதாகத் தெரியவில்லை. கடிதத்தில் இரண்டாவதாகக் குறிப்பிடுங்கள், அதை நம்பி நிற்காதீர்கள்.

கடை மேலாளருக்கு 56-ஆவது பிரிவைச் சொல்லி, முழுப் பணம் வேண்டும் என்று 14 நாள் கெடுவுடன் கடிதம் கொடுங்கள். பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் பொருள், சேவைகளுக்கான ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) முறையிடலாம். அப்புறம் சிறு வழக்கு நீதிமன்றம். அங்கே 20,000 ரேண்ட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் வாதாட அனுமதி இல்லை. எனக்குத் தரும் கட்டணமும் மிச்சம்.

அதுவரை பிளேயரை ஓட்டாதீர்கள். ரிமோட், கேபிள், தெர்மோகோல் எல்லாவற்றையும் அதே பெட்டியில் போட்டு வையுங்கள்.