நீட்டிப்பை நம்பி வீட்டுக் கடன் வாங்கலாமா?

கேள்வி: பிஎச்.டி. முடித்துவிட்டு ஒரு பல்கலைக்கழகத்தில் ரிசர்ச் ஃபெலோவாக இருக்கிறேன். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். எட்டு மாதம் ஓடிவிட்டது. கையில் இரண்டு மாதச் சம்பளம் அளவுக்குச் சேமிப்பு உண்டு. 'கண்டிப்பாக நீட்டித்துவிடலாம்' என்கிறார் பேராசிரியர். அதை நம்பி வீட்டுக் கடன் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பேராசிரியர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் உங்கள் சம்பளம் அவருடைய கிராண்டிலிருந்து, அதாவது ஆய்வுக்கென்று அவருக்குக் கிடைத்த நிதியிலிருந்து வருகிறது. அந்த கிராண்டைப் புதுப்பிப்பது வேறு யாரோ. பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். 'நிதி இருப்பைப் பொறுத்து' என்று எங்காவது ஒரு வரி இருக்கும். வாய்வார்த்தையைவிட அந்த வரிக்குத்தான் பலம் அதிகம். வங்கியும் அந்தக் கடிதத்தைத்தான் கேட்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். இன்னும் 16 மாதச் சம்பளம் வரும். அடுத்த வேலை கிடைக்க 6 மாதம் ஆகும் என்று வையுங்கள். விண்ணப்பம், நேர்காணல், நியமன உத்தரவு என்று பல்கலைக்கழகங்களில் எல்லாமே மெதுவாகத்தான் நகரும். ஆறு மாதம் அதிகமில்லை. ஆக, 16 மாதச் சம்பளம், கையிருப்பு 2 மாதம் என்று மொத்தம் 18 மாதச் சம்பளத்தை வைத்து, வேலையில்லாத 6 மாதத்தையும் சேர்த்து 22 மாதம் ஓட்ட வேண்டும். 18-ஐ 22-ஆல் வகுத்தால் சுமார் 82 சதவீதம். உங்கள் உண்மையான மாத வருமானம் அதுதான். மீதி 18 சதவீதத்தைச் சம்பளம் வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தப் பணம் பங்குச் சந்தைப் பக்கம் போகக் கூடாது, குறுகிய கால டெபாசிட்டில் இருக்கட்டும். ஈஎம்ஐ கட்டத் தொடங்கிவிட்டால், வேலையில்லாத அந்த ஆறு மாதத்திலும் அது நிற்காது. இதை நினைத்துத்தான் வேண்டாம் என்கிறேன்.

அப்புறம், வருவது சம்பளமா, உதவித்தொகையா என்று எச்.ஆரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கேட்கத் தயங்குகிறவர்கள் அதிகம், தயங்காதீர்கள். இரண்டுக்கும் வரி, ஓய்வூதியம் எல்லாமே மாறலாம். உதாரணமாக, அமெரிக்காவில் உதவித்தொகையாக வரும் பணத்தில் பெரும்பாலும் வரி பிடிப்பதில்லை. காலாண்டுக்கு ஒருமுறை நாமே கட்ட வேண்டியிருக்கும். தெரியாமல் மொத்தத்தையும் செலவழித்தவர்கள் ஆண்டு முடிவில் படும் பாடு பெரிது. ஓய்வூதியத் திட்டம் இருந்தால், நிறுவனம் போடும் பங்கு நம்முடையதாக எத்தனை ஆண்டு ஆகும் என்றும் கேளுங்கள். மூன்று ஆண்டு என்றால், இரண்டு ஆண்டு ஒப்பந்தக்காரருக்கு அது கையில் வராமலே போகலாம்.

சில நாடுகளில் சட்டம் கொஞ்சம் துணைக்கு வரும். பிரிட்டனில் 2002-ல் வந்த விதிப்படி, அடுத்தடுத்த தற்காலிக ஒப்பந்தங்களில் 4 ஆண்டு வேலை பார்த்தவரை, தகுந்த காரணம் காட்டாவிட்டால் நிரந்தர ஊழியராகவே கருத வேண்டும். ஜெர்மனியில் ஆய்வாளர்களின் தற்காலிக ஒப்பந்தங்களுக்குப் பொதுவாக பிஎச்.டி.க்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டு என்று உச்சவரம்பு உண்டு. உங்கள் இடத்து விதி என்ன என்று பாருங்கள்.

பலர் கோட்டைவிடும் ஓர் இடம் இருக்கிறது. மாநாட்டுக்குச் சொந்தக் கார்டில் டிக்கெட் போட்டிருப்பீர்கள். பில் மேஜை இழுப்பறையில் கிடக்கும். புராஜெக்ட் கணக்கை மூடிவிட்டால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. என்னிடம் வந்த ஓர் ஆய்வாளர் மூன்று மாநாட்டுச் செலவை இப்படித்தான் இழந்தார். வேலையும் இல்லாத நேரத்தில் கார்டு வட்டி வேறு ஏறிக்கொண்டிருந்தது. பயணம் முடிந்த வாரமே பில்லைக் கொடுத்துவிடுங்கள். மீதி விடுப்புக்குப் பணம் உண்டா, இல்லை எடுத்தே தீர்க்க வேண்டுமா, மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு நிற்கும் என்பதையெல்லாம் ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருக்கும்போதே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.