எச்-4இல் வந்து மானிடவியல் படிக்கலாமா?

மதுரையில் பி.காம். முடித்து, கல்யாணமாகி, எச்-4 விசாவில், அதாவது வேலை விசாக்காரரின் துணைக்குக் கிடைக்கும் விசாவில், கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் வந்து நான்கு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் படிப்புக்கான உள்ளூர் அரசுக் கல்லூரியில், மனிதர்களின் உடலையும் பண்பாட்டையும் ஆராயும் மானிடவியலின் அறிமுகப் பாடம் படிக்க ஆசை. ஆனால் விசாவில் சிக்கல் வருமா, இதைப் படித்து என்ன ஆகப் போகிறது என்று வீட்டில் கேட்கிறார்களாம். இரண்டாவது கேள்விக்குத்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் விசாவையும் பணத்தையும் முடித்துவிடுவோம்.

எச்-4இல் தாராளமாகப் படிக்கலாம், அதற்காக எஃப்-1 என்ற மாணவர் விசா வாங்க வேண்டியதில்லை. ஆனால் இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் கல்லூரி நூலகத்தில் சம்பளத்துக்கு ஒரு மணி நேரம் உட்காருவதுகூடக் கூடாது. கட்டணத்தில்தான் கவனம் வேண்டும். பாடத்தின் அளவை யூனிட் கணக்கில் சொல்வார்கள், கலிபோர்னியாவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். மூன்று யூனிட் பாடம் 138 டாலரும் சில்லறைக் கட்டணங்களும்தான். வெளி ஆள் என்று கணக்கானால் யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல் போய்விடும். வாசியாவதற்கு இங்கே ஒரு வருடம் இருந்திருக்க வேண்டும், இங்கேயே இருக்கப் போகிறோம் என்பதற்கு ஆதாரமும் வேண்டும். அதனால் டிரைவிங் லைசென்ஸ், வங்கிக் கணக்கு, மாநில வரி எல்லாவற்றிலும் உங்கள் பெயர் இப்போதே ஏறட்டும். மீதி எட்டு மாதம் பொறுத்திருந்து சேர்வதுதான் புத்திசாலித்தனம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியர்களின் மானிடவியல் சங்கமே இரண்டு பாடநூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. உடல்சார் மானிடவியலுக்கு 'எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்', பண்பாட்டு மானிடவியலுக்கு 'பெர்ஸ்பெக்டிவ்ஸ்'. பல வகுப்புகளில் இவைதான் பாடப்புத்தகம்.

அறிமுகப் பாடம் பெரும்பாலும் இந்த இரண்டாகத்தான் பிரிந்திருக்கும். உடல்சார் பாடத்தில் பரிணாமம், மரபணு, குரங்கினங்கள், எத்தியோப்பியாவில் 1974இல் கிடைத்த 32 லட்சம் வருடப் பழைய மனித மூதாதை எலும்புக்கூடு லூசி என்று போகும். ஆய்வக வகுப்பில் மண்டையோட்டு அச்சுகளைக் கையில் கொடுப்பார்கள். தண்டுவடம் நுழையும் துளை மண்டையோட்டின் அடியில் நடுவில் இருக்கிறதா, பின்னால் தள்ளி இருக்கிறதா என்று பார்த்து, அந்த உயிர் இரண்டு காலில் நடந்ததா என்று சொல்ல வேண்டும். மிருகக்காட்சிசாலையில் ஒரு குரங்கின் முன் உட்கார்ந்து நிமிடத்துக்கு நிமிடம் அது செய்வதைக் குறித்து வருவதும் வழக்கமான வீட்டுப்பாடம். கல்லூரியில் மதிப்பெண் வாங்க இதைவிட இனிமையான வழி கிடையாது.

ஆனால் உங்களுக்கு நான் சொல்வது பண்பாட்டு மானிடவியல். அதுவும் ஆன்லைனில் வேண்டாம், நேரில் போய் உட்காருங்கள்.

காரணம் இருக்கிறது. உறவுமுறை அத்தியாயம் வரும். பலகையில் ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குச் சமக்குறி. சித்தப்பா பிள்ளை தங்கை, அத்தை பிள்ளை முறைப்பெண் என்ற நம் வீட்டுக் கணக்கு அங்கே 'திராவிட முறை' என்ற தலைப்பில் இருக்கும். நியூயார்க் பக்கத்துப் பூர்வகுடிகளான செனகா மக்களிடமும் சித்தப்பா பிள்ளைகள் உடன்பிறப்புகள்தான், அத்தை பிள்ளைகள் அப்படி இல்லை. அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட நூலில் இந்த ஒற்றுமையைக் காட்டி, அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று வாதாடினார். மற்றவர்கள் மனப்பாடம் செய்கிற படத்தை நீங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையிலேயே கற்றுவிட்டீர்கள்.

அடுத்து சாதி அத்தியாயம் வரும். வகுப்பே உங்கள் பக்கம் திரும்பும். நான் படித்தபோதும் திரும்பியது. "இந்தியாவில் இப்படித்தானே?" என்று பதினெட்டு வயதுப் பையன் கேட்பான், கெட்ட எண்ணத்தில் இல்லை. நாடு முழுவதற்கும் வக்கீலாகி "அதெல்லாம் இப்போது இல்லை" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். உங்கள் தெருவில் யார் யார் வீடு இருந்தது, உங்கள் வீட்டில் யாருக்குத் தனி டம்ளர், யார் வாசலோடு நின்றார்கள் என்று யோசித்து, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். அதே தெருவை இன்னொருவர் வேறு மாதிரிப் பார்த்திருப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தப் படிப்பே அதுதான். ஊரில் இருந்தவரை எனக்கு அது உறைத்ததில்லை.

நாம் வந்து குடியேறிய மண்ணும் அப்போதுதான் கண்ணில் படும். ஃப்ரீமான்ட்டில் இருக்கும் கல்லூரியின் பெயரே ஓலோனி, இந்த மண்ணின் பூர்வகுடிகளின் பெயர். அவர்களை உள்ளே வைத்து வேலை வாங்கிய ஸ்பானியப் பாதிரிமார்களின் குடியிருப்பான மிஷன் சான் ஹோசே, 1797இல் தொடங்கியது, கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அப்புறம் இஷி. கலிபோர்னியப் பூர்வகுடிகளான யாஹி மக்களில் கடைசியாக எஞ்சியவர் என்று சொல்லப்பட்டவர், 1911இல் வட கலிபோர்னியாவின் ஓரோவில் ஊர் அருகே தனியாக வெளியே வந்தார். சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே தங்கவைத்தார்கள். 1916இல் காசநோயில் இறந்தார். அவருடைய மூளையை வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார்கள், 2000இல்தான் அது பூர்வகுடிகளிடம் திரும்பியது. அந்த நாளில் அவரோடு பழகிய மானிடவியலாளர் க்ரோபரின் பெயரை பெர்க்லியில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், ஒரு கட்டிடத்திலிருந்து 2021இல் எடுத்தார்கள். சரியா தவறா என்று எங்கள் வகுப்பில் பெரிய வாக்குவாதமே நடந்தது. தன் துறையின் பாவத்தைத் தானே பாடமாக வைக்கும் படிப்பை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

வேலை? இந்த ஒரு பாடத்தால் வேலை கிடைக்காது, வீட்டில் அதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஆனால் பின்னால் நர்ஸிங்கோ கணக்கியலோ எது படித்தாலும் பொதுப்பாடக் கணக்கில் இந்த யூனிட்டுகள் உதவக்கூடும், சேரும் முன் கல்லூரியின் படிப்பு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கம்யூனிட்டி காலேஜ் என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால், முதல் இரண்டு வருடத்தை இங்கே முடித்து பெர்க்லிக்கு மாறுகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் ஊரில் புத்தக வரியை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண். இங்கே அது திருட்டு, பூஜ்யம் போட்டுவிடுவார்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் சொந்த வாக்கியமாக எழுதுங்கள். கல்லூரியில் எழுத்துப் பயிற்சி மையம் இருந்தால் கட்டுரையைக் கொடுக்கும் முன் அங்கே ஒருமுறை காட்டிவிடுங்கள்.