வாசகர் கேள்வி: ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் நல்ல மருத்துவர் ஆவாரா?

கேள்வி: ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்த என் மகள், 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்திருக்கிறாள். "ஒதுக்கீட்டில் வந்தவளிடம் நாளை யார் வைத்தியம் பார்ப்பார்கள்?" என்று உறவினரே கேட்கிறார். சமூக நீதியால் மருத்துவத்தின் தரம் குறைகிறதா?
— மீனவர் குடும்பத்து வாசகி, தங்கச்சிமடம்

பதில்: சகோதரி, ஒதுக்கீடு கல்லூரி வாசலோடு முடிந்துவிடுகிறது. உங்கள் மகளும் நீட் தேர்வில் தகுதி பெற்ற பிறகே கலந்தாய்வுக்குச் சென்றிருப்பார். இனி உடற்கூறியலில் தொடங்கி மகப்பேறு மருத்துவம் வரை அவர் எழுதப்போவதும் பொதுப் பிரிவு மாணவர் எழுதப்போவதும் ஒரே வினாத்தாள்தான். அதில் தேறாதவருக்கு எந்த அரசாணையும் பட்டம் வாங்கித் தராது.

இந்த வழக்கு பழையது. சாதி, மத வாரியாகக் கல்லூரி இடங்களைப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை எதிர்த்துச் செண்பகம் துரைராசன் நீதிமன்றம் சென்றதும் மருத்துவக் கல்லூரி இடத்தை முன்னிட்டுத்தான். 1951-இல் உச்ச நீதிமன்றம் அந்த அரசாணை செல்லாது என்றதன் விளைவாகவே, அதே ஆண்டு வந்த முதலாவது அரசியலமைப்புத் திருத்தத்தில், பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடமளிக்கும் 15(4) பிரிவு பிறந்தது. உங்கள் மகள் பெற்ற ஒதுக்கீட்டுக்கு வந்தால், 2020-இல் நீதிபதி கலையரசன் ஆணையம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 விழுக்காடு பரிந்துரைத்திருக்க, அரசு 7.5-இல் நின்றது குறைவு என்றே கருதுகிறேன்.

நம் கடற்கரைக்கு இதைவிடவும் முக்கியமானது, பட்டமேற்படிப்பில் அரசு மருத்துவர்களுக்கு உள்ள 50 விழுக்காடு ஒதுக்கீடு. இரவில் பிரசவம் சிக்கலான பெண்ணை ராமேஸ்வரத்திலிருந்து பாம்பன் பாலம் கடந்து ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவிலுள்ள ராமநாதபுரத்துக்குக் கொண்டு செல்லும் குடும்பங்களுக்கு, அங்கே மகப்பேறு நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் இருப்பதுதான் உயிர். கடைக்கோடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றினால் மேற்படிப்புக்கு வழியுண்டு என்ற நம்பிக்கை இளம் மருத்துவரை இங்கே வரவழைக்கிறது. படித்து முடித்தவர் அரசுப் பணிக்கே திரும்ப வேண்டும் என்ற ஒப்பந்தப் பிணைப்பத்திரமோ நிபுணரை அரசு மருத்துவமனையில் இருத்துகிறது. இத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்டு 31 அன்று தீர்ப்பளித்தது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் ஆசிரியர்கள் இந்த வழியில் உருவாகி வர வேண்டியவர்களே.

கணவர் கடலுக்குப் போயிருக்கும் வேளையில் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளத் தயங்கும் பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்பது உங்கள் மகளுக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும். தமிழ் வழியில் படித்தவரானால் முதலாண்டில் ஆங்கிலப் பாடநூல்கள் அவரைத் திணறடிக்கலாம். அப்போது தயங்காமல் துறை ஆசிரியர்களிடமும் மூத்த மாணவர்களிடமும் கேட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.