இணையப் பக்கத்திலிருந்து தரவைப் பிரித்தெடுக்கும் பைதான் நூலகமான பியூட்டிஃபுல் சூப்பில் தலைப்பும் பத்தியும் பக்கத்தில் உள்ள அதே வரிசையில் வர என்ன செய்வது?

நீங்கள் தலைப்புக் குறிச்சொல்லான எச்3-ஐத் தனியாகவும் பத்திக் குறிச்சொல்லான பி-யைத் தனியாகவும் தேடி, இரண்டு பட்டியலையும் கூட்டியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் தலைப்பெல்லாம் முன்னுக்கும் பத்தியெல்லாம் பின்னுக்கும்தான் நிற்கும். தேடும் சார்பான ஃபைண்ட்_ஆலுக்கு இரண்டு பெயரையும் ஒரே பட்டியலாகக் கொடுங்கள், அல்லது சிஎஸ்எஸ் முறையில் தேடும் செலக்ட்டில் இரண்டுக்கும் நடுவே காற்புள்ளி போட்டு எழுதுங்கள். இரண்டுமே ஆவணத்தில் உள்ள வரிசையில்தான் தரும்.

ஆனால் வரிசை சரியாக இருந்தும் வேலை கெட்டுப்போனதை நான் பார்த்திருக்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு வடமோடிக் கூத்துக் கொப்பியை, அதாவது கூத்துப் பாட்டெல்லாம் எழுதிய பிரதியை, யாரோ இணையப் பக்கமாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். பாத்திரத்தின் பெயர் எச்3, பாட்டு வரி ஒவ்வொன்றும் பி. பாடிய வரியைப் பின்னால் நிற்பவர்கள் திருப்பிப் பாடும் பிற்பாட்டையும் விடாமல் எழுதியிருந்தார்கள். வேறொருவர் எழுதிய நிரலால் அதை எடுத்து அச்சடித்து, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் கொடுத்தோம். அவர் தொடையில் தாளம் தட்டியபடி படித்துக்கொண்டே வந்து நிறுத்தினார். "மனே, பிற்பாட்டு எங்க? இந்த வரி ஒருக்காத்தானே இரிக்கு?"

நிரலைத் திறந்து பார்த்தேன். ஒரே உறுப்பு இரண்டு தரம் வரக்கூடாதென்று, "பட்டியலில் ஏற்கெனவே இல்லாவிட்டால் சேர்" என்று எழுதியிருந்தது. பியூட்டிஃபுல் சூப்பில் பெயர், பண்புகள், உள்ளடக்கம் மூன்றும் ஒன்றாக இருந்தால், வெவ்வேறு இடத்தில் உள்ள இரண்டு குறிச்சொற்களும் சமம். திரும்பி வந்த தரு (கூத்துப் பாட்டு) வரியெல்லாம் அப்படித்தான் பறிபோனது. வரிசை பேணாத தொகுப்பான செட்டில் போட்டிருந்தால் வரிசையும் சேர்ந்து போயிருக்கும். இரட்டிப்பை நீக்கியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் தரும் ஐடி சார்பால் ஒப்பிடுங்கள்.

எந்த வரி யாருடையது என்றறிய, பி-யிலிருந்து ஃபைண்ட்_ப்ரீவியஸ் போட்டால் அதற்கு முன்னால் உள்ள எச்3 கிடைக்கும். ஃபைண்ட்_ஆல்_ப்ரீவியஸ் தலைகீழ் வரிசையில் தரும், கவனம்.

எல்எக்ஸ்எம்எல் என்ற இன்னொரு நூலகத்தில் எக்ஸ்பாத் என்ற தேடல் மொழி ஒரே வரியில் முடிக்குமே என்று சொல்ல வருபவர்களுக்கு: முடிக்கும், அதுவும் ஆவண வரிசையில்தான் தரும். கேட்டவர் சூப் பற்றிக் கேட்டார், அதனால் சூப்பில் சொன்னேன்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மட்டக்களப்பில் இருந்து இந்த வேலை செய்கிறேன் என்றால், "கொழும்பில வேல கிடைக்கல்லையா?" என்று கேட்கிறார்கள். கிடைத்தது. நான்தான் போகவில்லை. கூத்துக் கொப்பியும் அண்ணாவியாரும் இங்கேதான் இருக்கிறார்கள்.

சரி, இவ்வளவும் செய்து பார்த்தும் வரிசை பிழைத்தால் எந்தப் பார்சர் (சூப்புக்காகப் பக்கத்தைப் படித்துப் பிரிக்கும் நிரல்) என்று எழுதுங்கள். அட்டவணைக்குள் கலத்துக்கு வெளியே கிடக்கும் பத்தியை எச்டிஎம்எல்5லிப் அட்டவணைக்கு முன்னால் தூக்கி வைத்துவிடும், எச்டிஎம்எல்.பார்சர் இருந்த இடத்திலேயே விடும்.