மலை வீட்டில் மூன்று தலைமுறை: வாசகர் கேள்வி–பதில்

அரையாண்டு விடுமுறையில் தாத்தா, பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரே வீடாக எடுத்துத் தங்குவது பற்றி வடசென்னை வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

நாங்கள் பதினோரு பேர். மாமியாருக்கு 76 வயது, இரண்டு முழங்காலும் வலி. கடைசிப் பேரனுக்கு 2 வயது. டிசம்பர் கடைசி வாரம் மூன்று இரவு ஒரே காட்டேஜில் தங்க ஆசை. கொடைக்கானலா, ஏற்காடா, ஏலகிரியா?
– வாசகி, தண்டையார்பேட்டை

ஏலகிரிக்குப் போங்கள். உங்கள் வீட்டுக்கு அதுதான் பொருந்தும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், டிசம்பர் இரவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும், சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல். கடலோரக் காற்றிலேயே இருந்து பழகிய 76 வயது உடம்புக்கு ஒரே நாளில் அந்த மாற்றம் அதிகம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், மூட்டும் இறுகும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர்தான். இரவில் ஸ்வெட்டரும் கம்பளியும் போதும், ஹீட்டர் தேவைப்படாது. தூரம் ஏறக்குறைய 230 கிலோமீட்டர், மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து 20 வளைவுகள் ஏற வேண்டும். தவிர, டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முடிந்துவிட்டது என்று நம்ப முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எந்த மலையானாலும், மழை எச்சரிக்கை வந்தால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா, தேதியை மாற்றித் தருவார்களா என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வேனில் போவதானால் மாதவரம், செங்குன்றம் பக்கமாக வெளிவட்டச் சாலையில் ஏறி நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். கோயம்பேட்டு நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை. காலை 5 மணிக்குக் கிளம்பினால், இரண்டு இடத்தில் நிறுத்தியும் மதியத்துக்குள் மலைமேல் இருக்கலாம். மலையடிவாரத்து ஊரின் பெயரும் பொன்னேரிதான். மேப்பில் தேடும்போது நம்ம மீஞ்சூர்ப் பக்கத்துப் பொன்னேரியைத் தட்டிவிடாதீர்கள். மாமியாரை ஓட்டுநருக்கு அடுத்த வரிசையில் உட்கார வையுங்கள். பின்சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையில்தான் குலுங்கலும் குமட்டலும் அதிகம். பிள்ளைகள் கையில் வளைவு முடியும்வரை போன் கூடாது.

போட்டோவில் எல்லா வீடும் அழகாக இருக்கிறது. முன்பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்?
– வாசகர், கொளத்தூர்

போட்டோவை விட்டுவிடுங்கள். கார் நிற்கும் இடத்திலிருந்து படுக்கையறை, பாத்ரூம் வரை நிறுத்தாமல் நடந்தபடி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மலைச்சரிவில் கட்டிய வீடுகளில் வண்டி மேலே நிற்கும், வீடு இருபது முப்பது படி கீழே இருக்கும். ‘கிரவுண்ட் ஃப்ளோர்தான் சார்’ என்று சொல்வது பொய்யில்லை, ஆனால் அந்தப் படிகள் கணக்கில் வராது. கைப்பிடி இல்லாத படி, பாத்ரூம் வாசலில் ஒரு சாண் இறக்கம், வழவழ டைல்ஸ் என்று விழ வைக்கும் மூன்றும் அந்த வீடியோவில் தெரிந்துவிடும். வீல்சேர் போகுமானால் அதன் அகலத்தை டேப் வைத்து அளந்து, பாத்ரூம் கதவின் அளவைக் கேளுங்கள். பல இடங்களில் படுக்கையறைக் கதவில் நுழையும் வண்டி அங்கே நுழையாது. வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தாலும் முட்டி வலிக்காரர்களுக்கு அந்த உயரம் பற்றாது. மடக்கு கமோடு நாற்காலி டிக்கியில் அடங்கும், கூடவே ஒரு ரப்பர் மேட்டும் வையுங்கள்.

அடுத்தது வெந்நீர். ‘கீசர் இருக்கிறது’ என்ற பதில் போதாது. எத்தனை லிட்டர், எத்தனை கீசர் என்று கேட்க வேண்டும். 15 லிட்டர், 2,000 வாட் கீசர், 18 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 20 முதல் 25 நிமிடம் எடுக்கும். அதைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் குளிக்கிற சூட்டில் சுமார் 28 லிட்டர், அதாவது இரண்டு வாளிக்குச் சற்றுக் குறைவு. பதினோரு பேர் ஆளுக்கு ஒரு வாளி என்றாலும் ஒரே கீசர் ஆறேழு முறை காய வேண்டும், இரண்டரை மணி நேரமாகிவிடும். ஆகவே குறைந்தது இரண்டு கீசர் வேண்டும். 3 லிட்டர் கீசர் பாத்திரம் கழுவத்தான். சோலார் மட்டும் உள்ள வீடு என்றால், மூடுபனி நாளில் மறுநாள் காலை தண்ணீர் சுடாது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் விளக்கு எரியும், கீசர் எரியாது. விறகு பாய்லர் உள்ள வீடு கிடைத்தால் விடாதீர்கள். பெரியவர்கள் வெயில் ஏறி 11 மணிக்குக் குளிக்கட்டும்.

காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கி எடுத்துப்போய் அங்கே வறுக்கலாமா? வழியில் கெட்டுவிடுமா?
– வாசகி, ராயபுரம்

வேனில் போனால் தாராளமாக எடுத்துப் போகலாம். ரயிலில் வேண்டாம், ஐஸ் உருகிப் பெட்டியெல்லாம் ஒழுகும். பதினோரு பேருக்கு ஒரு வேளை வறுவலுக்கு முழு மீனாக இரண்டரை கிலோ வாங்கினால், சுத்தம் செய்த பின் ஆளுக்கு இரண்டு துண்டு வரும். செவுளும் குடலும் எடுத்து, துண்டு போட்டு, கழுவி வடித்துவிடுங்கள். உப்பும் மசாலாவும் இங்கேயே தடவாதீர்கள், உப்பு நீரை இழுத்து சதை சவசவ என்றாகிவிடும். மீன் எவ்வளவோ அவ்வளவு எடை நொறுக்கிய ஐஸ் வேண்டும். தெர்மோகோல் பெட்டியில் கீழே இரண்டு அங்குலம் ஐஸ், அதன்மேல் பாலிதீன் கவரில் கட்டிய மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். உருகிய தண்ணீரில் மீன் ஊறக்கூடாது. அடியில் ஒரு கம்பித் தட்டைப் போட்டால் தண்ணீர் அதற்குக் கீழே தங்கிவிடும். போய்ச் சேரும்போதும் ஐஸ் மிச்சம் இருக்க வேண்டும்.

அன்றைக்கே சமைத்துவிடுங்கள். வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி, கவலை போன்ற மீன்கள் வழியில் சூடேறினால் உள்ளே ஹிஸ்டமின் உண்டாகும். முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலைவலியும் வாந்தியும் வரும். எவ்வளவு வறுத்தாலும் அது போகாது. பெட்டியைத் திறக்கும்போது மீன் ஜில்லென்று இல்லையென்றால் எறிந்துவிடுங்கள், காசு போனாலும் பரவாயில்லை.

இட்லி மாவு அங்கே பொங்குமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பொங்காது. மாவு நன்றாகப் புளிக்க 28 முதல் 32 டிகிரி வேண்டும். மலையில் ராத்திரி வெளியே வைத்த மாவு காலையில் வைத்தபடியே இருக்கும். இங்கேயே உப்புப் போட்டுப் புளிக்க வைத்து, பாதி மட்டும் நிரம்பிய தூக்கில் எடுத்துப் போங்கள், வேன் சூட்டிலும் குலுக்கலிலும் அது இன்னும் எழும்பும். ஒரு கிலோ மாவுக்குச் சுமார் 20 இட்லி. மூன்றாம் நாள் ரவை உப்புமாவுக்கு மாறிவிடலாம். உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, ஏலகிரியில் ஏறக்குறைய 96 டிகிரியில், கொதித்துவிடும். துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேக வைத்தால் நேரமாகும். குக்கரில் வையுங்கள், வழக்கத்தைவிட ஒரு விசில் கூட. தேங்காய் எண்ணெய் உறையும், அகல வாய் டப்பாவில் கொண்டு போங்கள்.

அப்பா அம்மாவுக்கு ரயிலில் லோயர் பெர்த் கிடைக்கவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், பெரம்பூர்

எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் போட்டிருப்பீர்கள். லோயர் பெர்த் கோட்டா 60 வயதான ஆண், 45 வயதான பெண் ஆகியோர் தனியாகவோ இருவராகவோ உள்ள டிக்கெட்டுக்குத்தான். மகன், மருமகள் பெயர் சேர்ந்தால் கணினி அதைக் கணக்கில் எடுக்காது. அப்பா அம்மா இருவருக்கும் தனி டிக்கெட் போடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், விடுமுறை வாரமானால் திறக்கும் நாளிலேயே எடுத்துவிட வேண்டும். பெரம்பூரில் நிற்கும் ரயிலாகப் பார்த்து அங்கேயே ஏறினால் சென்ட்ரலின் நீண்ட நடை மிச்சம்.

ஊட்டி போகிறோம். அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் குளிர் காயலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

கூடவே கூடாது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். அணைந்த மாதிரித் தெரியும் தணலும் அதை விடும், அதனால் வெளியே மூட்டிய பார்பிக்யூ அடுப்பையும் ‘சூடாக இருக்கிறதே’ என்று உள்ளே கொண்டு வராதீர்கள். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் பல பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வர வேண்டும். மின் ஹீட்டர் 2,000 வாட் என்றால் 16 ஆம்பியர் பெரிய பிளக்கில் மட்டும் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி உருகிவிடும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் வாகன இ-பாஸ் முறை இருக்கிறது, கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள்.

தரைத்தள வீடு. டிசம்பரில் பூட்டிவிட்டுப் போக பயமாக இருக்கிறது.
– வாசகி, வியாசர்பாடி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நம் பக்கம் தண்ணீர் நின்றதைப் பார்த்த பிறகு அந்தப் பயம் நியாயம். பத்திரங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பாலிதீனில் சுற்றிப் பரண்மேல் வையுங்கள், அல்லது மாடி வீட்டு உறவினரிடம் கொடுங்கள். ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவைத் திறந்து வைத்து, மெயினை அணைத்துவிடுங்கள். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து, கீழே உள்ள பெட்டிகளை மேலே ஏற்றுங்கள். மழையில் சாக்கடை எதிர்த்து ஏறுவது பாத்ரூம் துளை வழியாகத்தான். துணி சுற்றிய மணல் பை ஒன்றை அதன்மேல் அழுத்தி வையுங்கள். பைக்கை மேட்டில் நிறுத்தி, ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.