தனி இதழா, குண்டு புத்தகமா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சிங்கப்பூரின் செங்காங்கில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடொன்றில் வசிக்கிறேன். பள்ளி நாள்களில், தமிழ்நாட்டிலிருந்து வருவோர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த, சிவகாசியில் வெளியாகும் லயன், முத்து காமிக்ஸ் இதழ்களில் தொடங்கிய பழக்கம், வேலைக்குச் சேர்ந்த பிறகு மாதந்தோறும் அமெரிக்கத் தனி இதழ்களை வாங்குவதில் வந்து நின்றது. இப்போது பதினோரு பெட்டிகள் சேர்ந்துவிட்டன. இரண்டாவது குழந்தை பிறந்திருப்பதால் ஸ்டோர் ரூமைக் காலி செய்தாக வேண்டும். இதழ்களை விற்றுவிட்டு அதே கதைகளின் தொகுப்புகளை வாங்கிக்கொள்ளலாம் என்பது மனைவியின் யோசனை. தொகுப்புக்காகக் காத்திருப்பவர்களால்தான் நல்ல தொடர்கள் பாதியில் நின்றுபோகின்றன என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். கதை ஒன்றுதானே, எந்த வடிவில் படித்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஆனாலும் கை வரவில்லை. சிறுவயதில் நான் எழுதிய ஒரு வாசகர் கடிதம் என் பெயரோடு ஓர் இதழில் அச்சாகியிருக்கிறது. அதைத் தேடத்தான் பெட்டிகளைத் திறந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
ம., செங்காங்

அன்புள்ள ம.,

உங்கள் மனைவியின் கணக்கில் பிழை இல்லை. ஐந்தாறு தனி இதழ்களின் விலையைக் கூட்டிப் பார்த்தால் அவற்றைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு பெரும்பாலும் மலிவாகவே இருக்கும். தொகுப்புக்கு முதுகு உண்டு. அலமாரியில் நிமிர்ந்து நிற்கும், தேடும்போது பெயரைக் காட்டும். தனி இதழுக்கு முதுகே கிடையாது. நம் ஊர்க் காற்றும் அதற்குப் பகை. சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுப் பாதுகாப்பு அறையிலிருந்த பெட்டியைத் திறந்தபோது, 1980களின் இதழ்கள் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தன. நடுப்பக்கத்தை விரித்தால் இரண்டு பின்களும் துருவேறி, அவற்றைச் சுற்றிக் காவி நிறத்தில் கறை படிந்திருந்தது. விரலால் தொட்டதும் பின் பொடிந்து, நடுத்தாள் கையோடு வந்துவிட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி வைத்தவன் நான்தான். புத்தகத்தோடு ஈரத்தையும் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறேன்.

ஆகவே, விற்பதில் எனக்கு மறுப்பில்லை. கதை ஒன்றுதானே என்ற இடத்தில்தான் உங்களோடு மாறுபடுகிறேன். ஒரு படக்கதையை வரைபவர் அதை ஏதோ ஓர் அளவில் எண்ணித்தான் வரைகிறார்: வாரத்துக்கு இரண்டு பக்கம், மாதத்துக்கு இருபது பக்கம், அல்லது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நூல். எந்த இடத்தில் வாசகன் நிற்பான், எவ்வளவு காலம் நிற்பான் என்பது அந்த எண்ணத்துக்குள் அடக்கம். தொகுப்பு கதையை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த நிற்றலை மட்டும் எடுத்துவிடுகிறது.

எனக்கு இதைப் புரியவைத்தது ‘இரத்தப் படலம்’. வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த அந்தப் பெல்ஜியத் தொடர் 1984இல் தொடங்கி 2007 வரை நீண்டது. தமிழில் லயன் காமிக்ஸ் 1980களிலேயே அதைக் கையில் எடுத்துவிட்டது. குண்டடிபட்டுக் கடற்கரையில் ஒதுங்கும் ஒருவனுக்குத் தான் யார் என்பதே மறந்துபோயிருக்கிறது. தோள்பட்டையருகே ரோம எண்களில் பதின்மூன்று என்று பச்சை குத்தியிருப்பது மட்டுமே அவனுக்கு அடையாளம். ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழும். ஊரிலிருந்து யாராவது விமானம் ஏறினால்தான் எனக்குப் புத்தகம் என்பதால் என் இடைவெளி இன்னும் நீளம். அடுத்த பாகம் கைக்கு வந்து சேரும்போது, ஒரு முகத்தைப் பார்ப்பேன். எங்கோ பார்த்த முகம் என்று தோன்றும். நல்லவனா கெட்டவனா, யாருடைய ஆள் என்பது மட்டும் நினைவுக்கு வராது. கதாநாயகனின் நிலையும் அதுதான். 2010இல் 18 பாகங்களையும் சேர்த்துக் கறுப்பு வெள்ளையில் ஒரே குண்டு புத்தகமாக லயன் வெளியிட்டபோது, மூன்று இரவுகளில் படித்து முடித்தேன். சதியின் ஒவ்வொரு முடிச்சும் துல்லியமாகப் பிடிபட்டது. கதாநாயகனைவிட எனக்கு அதிகம் தெரிந்திருந்தது. பழைய தடுமாற்றம் மட்டும் அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. அந்தத் தடுமாற்றம் எழுதியவர் திட்டமிட்டது என்று சொல்லமாட்டேன். பாதி அச்சகமும் பாதி விமானமும் செய்த வேலை அது.

திட்டமிட்டே செய்யப்பட்டவையும் உண்டு. ராபர்ட் கிர்க்மனின் ‘தி வாக்கிங் டெட்’ 2003இல் தொடங்கி 193 இதழ்கள் வந்தது. 2019 ஜூலையில் வந்த 193ஆம் இதழே கடைசி இதழ் என்பது அதை வாங்கியவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. அதற்கு அடுத்த இதழ்களுக்கும் போலியாக அட்டைப்படம் தயாரித்து, கடைகளுக்கு அனுப்பும் முன்பதிவுப் பட்டியலில் அறிவித்திருந்தார்கள். மரணம் எப்போது வரும் என்று தெரியாத உலகத்தைப் பற்றிய கதை, தன் மரணத்தையும் அப்படியே நிகழ்த்திக் காட்டியது. தொகுப்பில் படிப்பவருக்கு இது வாய்க்காது. வலது கையில் மீந்திருக்கும் தாள்களின் கனமே முடிவைச் சொல்லிவிடும்.

ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் செய்த ‘வாட்ச்மென்’ இன்று ஒரே நூலாகத்தான் பெரும்பாலோருக்கு அறிமுகம். அது 1986, 1987 ஆண்டுகளில் 12 தனி இதழ்களாக வந்தது. ஒவ்வோர் இதழின் அட்டைப்படமும் உள்ளே தொடங்கும் கதையின் முதல் படக் கட்டமாக அமைந்திருக்கும். அதாவது, கடையில் இதழைக் கையில் எடுப்பதற்கு முன்பே நீங்கள் கதைக்குள் நுழைந்துவிட்டீர்கள். ஐந்தாம் இதழின் 28 பக்கங்களும் கண்ணாடிப் பிம்பம்போல் கட்டப்பட்டவை: முதல் பக்கத்தின் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்தில் திரும்பும், இரண்டாம் பக்கத்தினுடையது கடைசிக்கு முந்தைய பக்கத்தில் திரும்பும், நடுவிலுள்ள 14, 15ஆம் பக்கங்களில் இரு பாதியும் சந்திக்கும். மெல்லிய இதழொன்றைக் கையில் வைத்திருப்பவர் முன்னும் பின்னும் புரட்டும்போது இது தானாகவே கண்ணில் படும். நானூறு பக்கத் தொகுப்பில், யாராவது சொன்னால்தான் தெரியும். எனக்கும் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

வரிசையும் மாறிவிடுவதுண்டு. ‘சாண்ட்மேன்’ 1989 முதல் 1996 வரை 75 இதழ்கள் வந்தது. நீண்ட கதை ஒன்று முடிந்ததும், அடுத்த நீண்ட கதைக்கு முன், ஓரிதழில் முடியும் சிறுகதைகள் சில வரும். வாசகர் மூச்சுவிட்டுக்கொள்ளும் இடம் அது. 21 முதல் 28 வரை ஒரு நெடுங்கதை, 32 முதல் 37 வரை மற்றொன்று, இடையில் 29, 30, 31 மூன்றும் தனித்தனிக் கதைகள். பத்துத் தொகுதிகளாகத் தொகுத்தபோது இந்த மூன்றையும் பின்னால் வந்த வேறு சில தனிக்கதைகளோடு சேர்த்து ஆறாம் தொகுதிக்கு நகர்த்திவிட்டார்கள். நெடுங்கதைகள் இரண்டும் நான்காம், ஐந்தாம் தொகுதிகளாக முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. அடுக்குவதற்கு வசதிதான். மூச்சுவிடும் இடம் போய்விட்டது.

தனி இதழே மூலம், தொகுப்பு வெறும் நகல் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடாதீர்கள். ‘டின்டின்’ கதைகள் 1929 முதல் பெல்ஜியத்தின் சிறுவர் வார இதழொன்றில் வாரத்துக்கு இரண்டு பக்கமாக வந்தவை. ஆகவே இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை யாராவது பள்ளத்தில் விழவோ துப்பாக்கி முனையில் நிற்கவோ நேர்கிறது. 1942 முதல், போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால், 62 வண்ணப் பக்கங்கள் என்ற அளவு நிலைபெற்றது. நூறு பக்கத்துக்கும் மேல் ஓடிய பழைய கறுப்பு வெள்ளை ஆல்பங்களை (ஒரு கதையை முழுதாகக் கொண்ட நூல்களை) டின்டினைப் படைத்த எர்ஜே அந்த அளவுக்குச் சுருக்கி, பலவற்றை மறுபடியும் வரைந்தார். அவருக்கு வார இதழ் முதல் படி, ஆல்பமே முடிந்த வேலை. தமிழில் இன்னும் சிக்கல்: வார இதழில் வந்ததைத் தொகுத்த ஐரோப்பிய ஆல்பத்தை நாம் மாத இதழாகப் படிக்கிறோம், பிறகு அந்த மாத இதழ்களைத் தொகுத்துக் குண்டு புத்தகம் கேட்கிறோம்.

நம் சிங்கப்பூரிலேயே ஒரு வேடிக்கையான எடுத்துக்காட்டு இருக்கிறது. 2015இல் வெளிவந்து, 2017இல் அமெரிக்கக் காமிக்ஸ் துறையின் ஐஸ்னர் விருதுகள் மூன்றைப் பெற்ற சன்னி லியுவின் ‘தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சாய்’ ஒரே நூலாகவே பிறந்தது. ஆனால் அதன் பக்கங்களுக்குள், இல்லாத ஓர் ஓவியர் பல பத்தாண்டுகளில் வரைந்ததாகச் சொல்லப்படும் பழைய காமிக்ஸ் பக்கங்கள், பழுத்த தாளும் கறையுமாக அச்சிடப்பட்டிருக்கின்றன. பிறக்காத தனி இதழ்களுக்காக ஏங்கும் தொகுப்பு அது. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தில் உங்கள் அலமாரியில் அதைப் பார்த்தேன். பெட்டிகளைக் கட்டுவதற்கு முன் இன்னொரு முறை புரட்டுங்கள்.

நண்பர் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்கக் காமிக்ஸ் கடைகள் பெரும்பாலும் திருப்பி அனுப்ப முடியாத நிபந்தனையில், சில மாதங்களுக்கு முன்பே எண்ணிக்கையைச் சொல்லி வாங்குபவை. முதல் சில இதழ்களுக்கு வரும் முன்பதிவு குறைந்தால் தொடரின் ஆயுளும் குறையும். தொகுப்புக்காகக் காத்திருப்பவர் அந்தக் கணக்கில் தென்படவே மாட்டார். இருந்தாலும், அந்த விற்பனை முறையின் சுமையைச் செங்காங்கில் இருக்கும் நீங்கள் ஸ்டோர் ரூமில் ஏற்றி வைத்துச் சுமக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தமிழ்க் காமிக்ஸ் வேறு. அது சந்தாவை நம்பி, சிறிய வாசகர் வட்டத்துக்குள் இயங்குகிறது. பிறகு குண்டு புத்தகம் வரும் என்று எல்லாரும் காத்திருந்தால், குண்டு புத்தகமாக்குவதற்கு எதுவும் இருக்காது. அமெரிக்க இதழ்களை நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் சிவகாசிக்குச் சந்தாவாக அனுப்புங்கள்.

எவற்றை விற்பது என்று கேட்டால், ஐந்தாறு இதழ்களுக்கு ஒருமுறை முடியும் வகையில், தொகுப்பை மனத்தில் வைத்தே எழுதப்பட்ட அண்மைக்கால அமெரிக்கத் தொடர்களை முதலில் விற்பேன். அவற்றில் ஒரு தனி இதழைப் பிரித்தால் நான்கு பேர் நடந்துகொண்டே பேசுவார்கள். அதற்குள் இருபது பக்கம் முடிந்துவிடும். ஓரிதழில் ஒரு கதை முடிகிறவற்றையும், கடைசிப் பக்கங்களில் வாசகர் கடிதங்கள் உள்ளவற்றையும் வைத்துக்கொள்வேன். ‘தி வாக்கிங் டெட்’ இதழ்களின் பின்பக்கங்களில் பல ஆண்டுகள் வாசகர்கள் எழுதினார்கள், திட்டினார்கள், அடுத்து யார் சாகப் போகிறார் என்று ஊகித்தார்கள். வழக்கமான தொகுப்புகளில் அந்தப் பக்கங்கள் இல்லை. லயனில் ஆசிரியர் எழுதும் ‘ஹாட்லைன்’ பகுதிக்கும் இதே கதிதான். வாங்கும் தொகுப்புகளையும் ஒரே மூச்சில் படிக்காதீர்கள். இதழ் முடியும் இடத்தில் மூடி வைத்துவிட்டு, மறுவாரம் எடுங்கள். இரண்டு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதற்குத் தனி முயற்சி தேவைப்படாது.

உங்கள் கடிதம் அச்சான இதழ் கிடைத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. எந்தப் பெட்டியில் என்று தெரியும் வரை பதினொன்றையும் விற்காதீர்கள். கிடைத்ததும் அதை உறையிலிருந்து எடுத்து, துருவேறிய பின்களைக் கழற்றிவிட்டு, பருத்தி நூலால் நடுவில் இரண்டு தையல் போட்டு வையுங்கள்.

அன்புடன்